காலியாகத் திரும்பும் டப்பா

குக்கர் மூன்று விசில் அடித்ததா நான்கா என்று தமயந்திக்கு நினைவில்லை. எண்ணிக்கொண்டுதான் நின்றாள். இரண்டு வரைக்கும் எண்ணியது தெரியும், அதற்குள் நான்கு தானாக முன்னால் வந்து நின்றுகொண்டது. காலையிலிருந்து எதை எண்ணினாலும் நான்கில் போய்த்தான் மாட்டுகிறது. பதிவு எண் நான்கு. காலையில் வந்த கடிதத்தில் பெயர் போடவில்லை, அந்த மட்டுக்கும் இரக்கம். ‘பதிவு எண் 4-க்குரிய குழந்தை தங்கள் இல்லக் காப்பகத்தில் மதிய உணவு உண்பதில்லை எனப் பெற்றோர் தரப்பில் தெரிவிக்கப்பட்டுள்ள நிலையில், கடந்த பதினோரு மாதங்களாக அக்குழந்தையின் பெயரில் உணவுத் தொகை பெற்று வந்தது குறித்து’ என்று தொடங்கிய வாக்கியம் அரைப் பக்கம் ஓடி, பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்ற இடத்தில்தான் மூச்சு வாங்கியது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒன்றரை மணிக்குத் திட்ட அலுவலகத்திலிருந்து மேடம் நேரில் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். கடிதத்தை நாலாக மடித்துப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். பாருங்கள், மடித்ததும் நாலாகத்தான் மடித்திருக்கிறாள். வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளை, எட்டுப் பேருக்கு மிகாமல், தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு, தன் அரிசியில் தன் அடுப்பில் சமைத்துப் போட்டால், போட்ட தட்டுக்கு அரசாங்கம் பின்னால் கொடுக்கும். அதுதான் திட்டம். தட்டு வைத்த கையோடு பதிவேட்டில் டிக் போட வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது என்று பயிற்சியில் மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். இடது கையில் கரண்டி, வலது கையில் பேனா என்று இரண்டு வருஷமாக நிற்கிறாள். ஒரு டிக்கூடப் பொய்யில்லை. குக்கரில் பிரஷர் இன்னும் இறங்கவில்லை, வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டாள், ஆவி விரலில் பட்டது, சுட்டது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்கவே தேவையில்லாத ஒன்றைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. எண் நான்கு தன்ஷிகா. தன்ஷிகாவின் பெற்றோர் என்றால் மோகனப்பிரியா. முதலில் மனசு அங்கே போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒருவேளை எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள், ஏழாக இருக்கும், ஏழாம் எண் பையனின் அப்பன்தான் ஒருநாள் பிள்ளைக்குச் சளி பிடித்தது கீரையால் என்று வாசலில் நின்று கத்தினான், அவன் செய்யக்கூடியவன். அல்லது பிரியாவின் புருஷனிடம் கேட்டிருப்பார்கள், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொருவராக விட்டுவிட்டு, கடைசியில் யாருமில்லாமல் பிரியா மட்டும் நின்றாள், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ‘அக்கா, நீங்க இல்லாட்டி நான் வேலையை விட்டுருப்பேன்க்கா’ என்று கண் கலங்கி நின்ற அதே இடத்தில், அதே வாசலில். வயிறு எரிகிறது என்பார்களே, அது சும்மா பேச்சுக்கு என்று நினைத்திருந்தாள் தமயந்தி. இல்லை, நிஜமாகவே எரிகிறது, தொப்புளுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு. காலையில் ஒன்றும் சாப்பிடாததாலும் இருக்கலாம். சோற்றைத் தாம்பாளத்தில் கொட்டி ஆற விட்டாள். பாயில் எட்டுப் பேரும் சுவரோரமாக உட்கார்ந்தாயிற்று. சுவரில் அவளே வரைந்த மாம்பழம், வாழைப்பழம், கொய்யா. கொய்யா மட்டும் சரியாக வரவில்லை, பிள்ளைகள் அதை எலுமிச்சை என்றே சொல்லும். தன்ஷிகாவின் பை ஆணியில் தொங்கியது. பைக்குள் தண்ணீர் பாட்டிலும் டப்பாவும்.

அந்த டப்பா. இரண்டு பக்கமும் கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பா, மூடியில் தன்ஷிகாவின் தாத்தா பெயரின் முதலெழுத்தைப் புள்ளி வைத்துப் பொறித்திருக்கும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சாமான். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் பிள்ளையை விடலாம், தூங்க வைக்கலாம், மூக்குச் சிந்தி விடச் சொல்லலாம், கால் கழுவி விடச் சொல்லலாம், ஆனால் சோறும் தண்ணியும் மட்டும் நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்று பிரியாவின் மாமியார் முதல் நாளே சொல்லித்தான் அனுப்பினாராம். அதை மறைக்காமல் பிரியாவேதான் வந்து சொன்னாள், சொல்லும்போது தலை குனிந்திருந்தது, அதனாலேயே தமயந்திக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சாதி பார்க்கிறவர்கள் ஆயிரம் பேர், அதைச் சொல்லி வெட்கப்படுகிறவர்கள் எத்தனை பேர்? முதல் வாரம் முழுக்க டப்பாவைத் திறந்து வைத்தால் தன்ஷிகா வாயைத் திறக்கவில்லை. மற்ற பிள்ளைகளின் தட்டில் ஆவி பறந்தது, அவள் சோறு காலை ஏழு மணிக்கு அடைத்து விறைத்துக் கிடந்தது. அவள் பக்கத்துத் தட்டையே பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒருநாள் அழுதாள். விஷயத்தைச் சொன்னபோது பிரியா பிள்ளையின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, “நீங்க குடுக்கறதையே குடுங்கக்கா. அவ தின்னாச் சரி. டப்பாவ மட்டும் காலி பண்ணி அனுப்பிருங்க, எங்கத்தை தொறந்து பாப்பாங்க” என்றாள். சோற்றை எங்கே கொட்டுவது? தமயந்திக்குக் கொட்ட மனசு வராது. பிள்ளைகள் தூங்கினபின் அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டு, டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுவிடுவாள். இப்படிப் பதினோரு மாதம். அவர்கள் பிள்ளை அவள் வீட்டுச் சோற்றைத் தின்றது, அவள் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றாள். இதில் ஏதாவது தப்பு உண்டா என்று அப்போதே கேட்டுப் பார்த்ததுண்டு. பிள்ளைக்கு வைத்த தட்டுக்குத்தான் டிக். தின்றது பிள்ளைதான். தன் மதியச் சோறு இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு முள் மட்டும் உள்ளே இருந்தது. அதையும், கொட்டுவதற்குப் பதில்தானே என்று அமுக்கி வைத்திருந்தாள்.

அலுவலகத்திலிருந்து சும்மா சில வீடுகளுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை போகிறதா, சாப்பிடுகிறதா, என்ன கொடுக்கிறார்கள். கேட்கட்டுமே, கேட்டால் நல்லதுதான், பிரியாவிடம் கேட்டால் இன்னும் நல்லது, என்று நினைத்தவள் அவள். அதை நினைக்கும்போது இப்போது சிரிப்புக்கூட வந்தது. தட்டுகளை வைத்தாள். ஒன்று, டிக். இரண்டு, டிக். மூன்று, டிக். நான்கு. பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. டிக் போட்டால் இன்றைக்கும் பொய் எழுதினாள் என்பார்கள். போடாவிட்டால் இத்தனை நாள் எழுதியது பொய் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஐந்தாம் தட்டுக்குப் போனபோது போன் அடித்தது. பிரியாதான். பின்னால் தறிச் சத்தம்.

“அக்கா, நானுங்க. கேக்குதுங்களா?”

“கேக்குது, சொல்லு.”

“அங்க யாராச்சும் வந்தாங்களா?”

“ஒன்றரைக்கு வாராங்களாம்.”

“அக்கா, என்னையத் தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்குப் போன் வந்தப்ப எங்கத்தை பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. கை ஈரமா இருந்துச்சுன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். அவங்க பாட்டுக்கு, பாப்பா அங்க சாப்புடறாளான்னு கேக்கறாங்க. நான் வேற என்னத்தைக்கா சொல்லட்டும்?”

“பொறவு கூப்புட்டு மாத்திச் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?”

“நான் சொன்னதா எம்பேரை எழுதிட்டாங்கக்கா, நேர்லயும் வந்து கேப்பாங்கன்னாங்க. இனி மாத்திச் சொன்னா வீட்டுக்கு லெட்டர் வரும். நீங்களே, தெரியாம எழுதிட்டனுங்கன்னு ஒத்துக்கிட்டீங்கன்னா போச்சு. கட்டச் சொல்ற பணத்தை நான் குடுத்தர்றேன்.”

“பணமா,” என்றாள் தமயந்தி.

“அப்பறம்க்கா...” பிரியாவின் குரல் இறங்கியது. “டப்பாவ மட்டும் எப்பவும் போலக் காலி பண்ணி அனுப்பிருங்க. இன்னிக்குப் போயி அப்படியே திரும்பி வந்துச்சுன்னா எங்கத்தைக்குச் சந்தேகம் வந்துரும்.”

போனை வைத்தபோது ஏழாம் எண் பையன் தட்டைத் தரையில் தட்டினான். கரண்டியை எடுத்தாள். பருப்பு, கொஞ்சம் நெய், முருங்கைக்கீரை. பிசைகிற கை பிசைந்துகொண்டிருந்தது, மனசு மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. போன ஆடியில், பூக்கடைப் பக்கம், பிரியாவும் மாமியாரும் தன்ஷிகாவும். தன்ஷிகா இவளைப் பார்த்துவிட்டு ‘பெரிம்மா’ என்று கையை நீட்டிக்கொண்டு வந்தது. பிரியா பிள்ளையை இழுத்துப் பிடித்தாள். இவளைப் பார்த்தாள், விளக்குக் கம்பத்தைப் பார்ப்பது போல. “ஏம்மா, நாளைக்கு லீவா?” என்று கேட்டாள். அக்கா போய் அம்மாவாகிவிட்டது, அதிலும் வயசில் பெரியவளை, வேலைக்காரியைக் கூப்பிடுகிற ஏம்மா. அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது, மறுநாள் பிரியா ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்ததும் தெரியாததாக ஆக்கிக்கொண்டாள். ஒரு முழம் பூவுக்கு விலைபோனவள்தானே நீ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஏமாற்றியது அவளா, ஏமாறுவேன் என்று நின்றது நானா? அவள் என்ன செய்வாள், பாவம், அந்த வீட்டில் இருந்துதானே ஆக வேண்டும். பாவமாம்! இந்தப் பாவம் பார்க்கிற புத்திதான் இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. ரத்தானால் நாளைக்கு இந்தப் பாயில் யாரும் உட்கார மாட்டார்கள். வாசலில் மாட்டிய காப்பகப் பலகையை வந்து கழற்றுவார்கள், தெரு முழுக்கப் பார்க்கும். கள்ளக் கணக்கு எழுதினாளாம், பச்சைப் பிள்ளைகள் சோற்றில் கை வைத்தாளாம். இரண்டு வருஷமாக ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், இனி என்னவென்று கூப்பிடுவார்கள் என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நான்காம் தட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தன்ஷிகாவுக்குத் தானாகச் சாப்பிடத் தெரியும், இருந்தாலும் முதல் நாலு வாய் ஊட்டிவிட வேண்டும், அது அவள் சட்டம். முதல் வாயை மென்றுகொண்டே பிள்ளை சொன்னது:

“பெரிம்மா, மேடம் வந்தா நான் டப்பாச் சாதந்தான் சாப்ட்டேன்னு சொல்லோணும்.”

“ஆரு சொன்னா சாமி?”

“அம்மா. நேத்து ரண்டு தடவை சொல்லிக் காட்டுனேன். கரெக்ட்டாச் சொன்னேன்.” சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு, “ஆ” என்று திறந்து காத்திருந்தது.

நேற்று. அப்படியென்றால் இன்றைக்குப் போனில் கேட்ட ‘யாராச்சும் வந்தாங்களா’, அந்தத் தாழ்ந்த குரல், எல்லாம் ஒத்திகை பார்த்த பின் வந்தது. ஸ்பீக்கர், ஈரக் கை, பக்கத்தில் மாமியார், அதையெல்லாம் தமயந்தி மன்னித்துக்கூடத் தொலைத்திருப்பாள், பயத்தில் வாய் தவறுவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் ராத்திரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லு தங்கம், இன்னொரு தடவை சொல்லு என்று பழக்கியிருக்கிறாள். இவள் ஊட்டிய வாயை வைத்தே. பிள்ளையின் மேல் கோபம் வரவில்லை. உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கீரையை விரலால் வழித்து உள்ளே தள்ளினாள். இரண்டாம் வாய், மூன்றாம் வாய், நாலாம் வாய். எழுந்து காதிலிருந்து பேனாவை எடுத்து, நான்காம் கட்டத்தில் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டாள். என்ன செய்வது என்று அவளுக்கு அப்போதே தெளிவாகிவிட்டது. டப்பா திறக்கப்படாது. மேடம் வந்ததும் கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். பிடிச்சுப் பாருங்க மேடம், கனத்தைப் பாருங்க, மணி ஒன்றரை, பிள்ளை சாப்பிட்டுத் தூங்குது, சாப்பாடு முழுசா இதுல இருக்குது, அப்ப அது எதைச் சாப்பிட்டுச்சு? அப்புறம் சாயந்திரம் டப்பா அப்படியே அந்த வீட்டுக்குப் போகும். மாமியார் கிளிப்பைத் தூக்கிப் பார்க்கட்டும். கேட்கட்டும். பிரியா பதில் சொல்லட்டும். தன்ஷிகா நாளையிலிருந்து வராது. அது நினைவுக்கு வந்ததும் தெளிவு கொஞ்சம் ஆட்டம் கண்டது, பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

பிள்ளைகளின் வாய் துடைத்து, படுக்கப் போட்டு, ஒவ்வொன்றாக முதுகில் தட்டித் தூங்க வைத்தபின் வீடு அமைதியாயிற்று. சோற்றுத் தாம்பாளத்தில் ஒன்றும் மிச்சமில்லை, இரட்டைப் பிள்ளைகள் இன்றைக்கு இரண்டாம் முறை கேட்டன. டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, மேடம் கண்ணில் படும்படி இருக்கட்டும் என்று அடுப்படி மேடையில் கொண்டுவந்து வைத்தாள். மணி ஒன்று ஐந்து. மேடையில் சாய்ந்து நின்று, சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். மேடம், நான் ஒண்ணு சொல்றனுங்க, கோவிச்சுக்காமக் கேளுங்க. வேண்டாம், கோவிச்சுக்காம எதற்கு? தப்பு செய்தவள்தான் அப்படித் தொடங்குவாள். மேடம், இந்த டப்பா எந்த வீட்டுது தெரியுங்களா? அந்த வீட்டு அம்மாளை ஒருமுறைகூட நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை, ஆனால் இந்தப் பதினோரு மாதத்தில் அந்த அம்மாளின் கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கையை இத்தனை நாள் தின்றால் தெரியாமல் போகுமா? சனிக்கிழமை தயிர்சாதம், பேத்தி பார்த்து ரசிக்கட்டும் என்று மாதுளை முத்தை மேலே வட்டமாக வைத்திருக்கும். மழை நாளில் மிளகு கூடும். புளிச்சாதத்தில் கடலையை எண்ணிப் போட்டது போல இருக்கும், எலுமிச்சைச் சாதத்தில் மட்டும் தாராளம். கத்திரிக்காயை நீளமாக அரிந்து, நல்லெண்ணெயில் சுருளச் சுருள வதக்கி, கடைசியில் துளி வெல்லம். அந்த வெல்லத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது, பின்னால் தன் வீட்டிலும் போட ஆரம்பித்தாள். அந்த அம்மாளுக்கு முட்டி வலி. வலி அதிகமான நாளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதில் போட்டோமா இல்லையா என்று மறந்து இரண்டாம் தடவை உப்புப் போட்டுவிடுவார் போலிருக்கிறது. சாப்பிடும்போதே தெரிந்துவிடும், ஐயோ, இன்றைக்கு அந்த அம்மாவுக்கு முட்டி வலி என்று இவள் நினைத்துக்கொள்வாள். இவளை அண்டவிடாத அந்த மனுஷிக்காக இவள் எத்தனை நாள் இப்படி மனசுக்குள் உச்சுக்கொட்டியிருக்கிறாள், யாராவது கேட்டால் நம்புவார்களா? இன்றைக்கும் உப்புக் கூடத்தான். உருளைக்கிழங்கில் பரவாயில்லை, சாதத்தில்தான் கரிக்கிறது, ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டார், இந்த ஈரக் காற்றுக்கு முட்டி...

இன்றைக்கு. தமயந்தி குனிந்து பார்த்தாள். இரண்டு கிளிப்பும் திறந்திருந்தன. மூடி மல்லாந்து கிடந்தது. எலுமிச்சைச் சாதத்தின் மஞ்சள் அவள் வலது கை விரல்களில் அப்பியிருந்தது, டப்பாவின் அடியில் இரண்டு வாய்தான் மிச்சம், ஓரமாக ஒரு காய்ந்த மிளகாய். வாயில் இருந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். பிரியா ஏமாற்றினாள், சரி. இந்தக் கை? அவள் எவ்வளவு கட்டிக் காத்த கை! யாரும் சொல்லாமலே எழுந்து, கிளிப்பைத் தூக்கி, பிசைந்து, வாய்க்குக் கொண்டுவந்திருக்கிறது. மணி பார்த்தாள், ஒன்று இருபது. விழுங்கினாள். மிச்சம் இரண்டு வாயை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கனத்தைக் காட்டுவது? அதையும் தின்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது, மிளகாயால் என்று வைத்துக்கொள்ளலாம். தின்றுவிட்டு, வழக்கம்போல் டப்பாவைக் கழுவினாள், வழக்கம்போல் மேடையில் கவிழ்த்து வைத்தாள், அது முடிந்தபின்தான் கழுவியதும் புத்தியில் உறைத்தது. வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

மேடம் கெட்டவர் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்து மெதுவாகத்தான் பேசினார். பதிவேட்டைப் பார்த்தார். நான்காம் கட்டத்தில் தாள் கிழிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். “அந்த டப்பா யாருதுங்க?” என்றார். “தன்ஷிகாவுதுங்க.” எடுத்துப் பார்த்தார், உள்ளே ஈரம். அதன் மூடியிலிருந்த எழுத்தையும் பார்த்துவிட்டு, திரும்பக் கவிழ்த்து வைத்தார். ஸ்கூட்டர் சத்தத்துக்கோ என்னவோ பாயில் தன்ஷிகா மட்டும் விழித்து உட்கார்ந்திருந்தது. மேடம் பக்கத்தில் போய்க் குனிந்தார். “பாப்பா, தூக்கம் போச்சா? இன்னிக்கு என்ன சாதம் சாப்பிட்டீங்க?” பிள்ளை மேடத்தைப் பார்க்கவில்லை, தமயந்தியைப் பார்த்தது. இன்னொரு அப்பளம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்பதற்கு முன் எப்போதும் பார்க்குமே, அந்தப் பார்வை. சொல்லட்டுமா பெரிம்மா, கரெக்ட்டாச் சொல்லட்டுமா? நேற்று ராத்திரி பாடம் பண்ணியது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாய் திறந்தது, சோற்றுக்குத் திறக்கிற அதே மாதிரி.

“அவளைக் கேக்காதீங்க மேடம்,” என்றாள் தமயந்தி. குரல் பெரிதாக வந்துவிட்டது, ஏழாம் எண் பையன் புரண்டு படுத்தான். “அந்த டப்பா நான் தின்னதுங்க.”

“என்னது?”

“நான்தான் தின்னனுங்க. இன்னிக்கு மட்டுமில்ல, பதினோரு மாசமா நான்தான் தின்னேன். அவ தின்னது என்ற வீட்டுச் சோறு.”

மேடம் நிமிர்ந்தார். அவள் கையைப் பார்த்தார், கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. “குழந்தைக்குன்னு வீட்டுல குடுத்துவிட்ட சாப்பாட்டை நீங்க சாப்பிட்டுட்டீங்க.”

“ஆமாங்க.”

“இதை அப்படியே எழுதிக்கட்டுமாங்க?”

அப்படி எழுதினால் எப்படி இருக்கும் என்பது தமயந்திக்குக் கேட்டவுடனேயே தெரிந்தது. அதற்குப் பின்னால் எத்தனை எழுதினாலும் யார் கண்ணிலும் அந்த முதல் வரிதான் நிற்கும். “எழுதுங்க,” என்றாள்.

மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன் மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். தன்ஷிகா வாயை மூடிக்கொண்டது. சொல்லாமல் தப்பித்ததா, சொல்ல விடவில்லையா என்று அதற்குப் புரியவில்லை. “பெரிம்மா, தண்ணி,” என்றது. ஆணியில் தொங்கிய பையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில் கழுத்து வரை நிறைந்து அப்படியே இருந்தது. தமயந்தி தன் வீட்டுப் பானையிலிருந்து மொண்டு டம்ளரில் கொடுத்தாள். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடத்துக்கு நேர் எதிரே நின்று, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தது. மேடம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.